சரக்குப் பெட்டியில் செருகிய சீட்டு

1856 ஜூலையில் ராயபுரத்தில் புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா ரோடு வரைதான் வந்தது. பிறகு பாதை மேற்கே நீண்டு, ஆம்பூர், வாணியம்பாடியைக் கடந்து ஜோலார்பேட்டையைத் தொட்டது. 1864-ல் அங்கிருந்து பெங்களூருக்கு ஒரு கிளை பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடியில் ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோல் கட்டுகள் இந்தப் பாதையில் சென்னைப் பெரியமேட்டு மண்டிகளுக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி லண்டன் ஏலத்தைச் சேர்ந்தன.

சரக்குப் பெட்டியின் பக்கவாட்டில் சேருமிடம் எழுதிய ஒரு சீட்டு செருகியிருக்கும். யார்டில் பெட்டிகளைப் பிரித்துக் கோப்பவர்கள் கதவைத் திறந்து உள்ளே தோலா வெல்லமா என்று பார்ப்பதில்லை. சீட்டைப் பார்த்துத் தடத்தை மாற்றுவார்கள்.

இணையம் இந்த யோசனைக்கு வர 1996 ஆயிற்று. வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் முழு முகவரியைப் படித்து வழி தேடுவதற்குப் பதில், தகவல் பொட்டலத்தின் தலையில் 20 பிட் எண் ஒன்றை, அதாவது ஒரு லேபிளை, ஒட்டிவிடலாம் என்றார்கள் பொறியாளர்கள். சிஸ்கோ இதை 'டேக் சுவிட்சிங்' என்றது. ரோசன், விஸ்வநாதன், காலன் மூவரும் எழுதி 2001 ஜனவரியில் வெளியான ஆர்எஃப்சி 3031 இதற்குப் பொது இலக்கணம் வகுத்தது, பெயர் எம்பிஎல்எஸ். ரயில் சீட்டு கடைசிவரை ஒன்றே. இங்கோ ஒவ்வொரு ரவுட்டரும் பழைய லேபிளைக் கிழித்துப் புதியதை ஒட்டும்.

வேகம்தான் முதலில் சொன்ன காரணம். சில்லுகள் வேகம் பெற்றதும் அந்த வாதம் நீர்த்துப்போனது. நிலைத்தது சுரங்க வியாபாரம், அதாவது பொதுப் பாதைக்குள் தனி வழி விற்பது.

1970-களில் பதனிடாத தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தபின் ஆம்பூரில் காலணி ஆலைகள் பெருகின. ஆலை இங்கே, அலுவலகம் சென்னையில் என்றால், இரண்டும் ஒரே கட்டடத்தில் இருப்பதுபோல் இணைய வேண்டும். அதைச் செய்வது இரண்டாம் அடுக்குச் சுரங்கம். வெளி லேபிள் வழியைச் சொல்லும், உள் லேபிள் எந்த வாடிக்கையாளர் என்று சொல்லும். 2000-ல் தொடங்கிய ரயில்டெல் தண்டவாளத்தோரம் ஒளியிழை பதித்து இத்தகைய சேவையை விற்கிறது. சீட்டு பழைய பாதைக்கே திரும்பிவிட்டது!

அமைப்பவர்கள் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. இரு முனை ரவுட்டர்களிலும் சுற்று எண் (அந்தச் சுரங்கத்தின் அடையாள எண்) ஒன்றாக இருந்தால்தான் சுரங்கம் திறக்கும். அது மட்டும் போதாது, ஒவ்வொரு லேபிளும் 4 பைட் எடை கூட்டும். நடுவழி ரவுட்டர்களில் எம்டியு எனும் பொட்டல உச்ச அளவை உயர்த்தாமல் விட்டால், சின்னப் பிங் சோதனைப் பொட்டலம் ஓடிப்போய்த் திரும்பும். காலணி வடிவமைப்புக் கோப்பு பாதியில் நிற்கும்.