சக்கரத்துக்குள் இல்லாத பங்கீடு

கலை ஜிம்னாஸ்டிக்ஸில் ஆண்களுக்கு 6 கருவிகள், பெண்களுக்கு 4. தரைப் பயிற்சியில் இசை பெண்களுக்கு மட்டுமே. வலிமை அவனுக்கு, நளினம் அவளுக்கு என்ற பழைய பங்கீடுதான் இது.

சக்கர ஜிம்னாஸ்டிக்ஸில் இந்தப் பங்கீடு இல்லை. ஜெர்மனியின் ஓட்டோ ஃபைக் 1925இல் காப்புரிமை பெற்ற சக்கரத்தில் இரண்டு பெரிய வளையங்கள். இடையே 6 இணைப்புக் கட்டைகள். அதற்குள் நின்று நேர்கோட்டில் உருளுவது, ஒற்றை விளிம்பில் சாய்ந்து சுழல்வது, உருளும் சக்கரத்தின் மீதேறித் தாண்டிக் குதிப்பது என்று போட்டிப் பிரிவுகள் மூன்று. 1995இல் தொடங்கிய உலகப் போட்டிகளில் பெண்களும் ஆண்களும் தனித்தனியே களமிறங்குகிறார்கள்; மூன்று பிரிவுகளும் இருவருக்கும் உண்டு.

‘பெண்ணுடலுக்கு இது பொருந்தாது’ என்கிறார்களே, அதை முடிவுசெய்தது உடலா, விதி எழுதிய கையா?