கைவிரலுக்கு ஒரு துவாரம்: பந்துருட்டும் ஆட்டமும் துளைபொறியும்

"பௌலிங்" என்ற சொல்லைக் கேட்டதும் எம்மவருக்கு நினைவில் எழுவது கிரிக்கெட் மைதானமே. ஆனால் ஐக்கிய அமெரிக்காவில் அச்சொல் முற்றிலும் வேறானதொரு விளையாட்டைக் குறிக்கின்றது. கோட்டிலிருந்து முதற் கட்டை வரை அறுபது அடி நீளமான வழவழப்பான தளம். அதன் மறுகோடியில் முக்கோணமாக நிறுத்தப்பட்ட பத்துக் கட்டைகள். அவற்றை வீழ்த்துவதற்காக உருட்டி விடப்படும் பதினாறு இறாத்தலுக்கு மேற்படாத ஒரு கனத்த பந்து. ஆட்டம் இவ்வளவுதான்.

அந்தப் பந்தில் விரல்களை நுழைப்பதற்கு மூன்று துவாரங்கள் இருப்பதைப் பலரும் கண்டிருப்பர். ஆடரங்குகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் பொதுப் பந்துகள் துவாரங்களுடனேயே வருகின்றன. ஆனால் ஒருவர் தமக்கெனச் சொந்தமாக வாங்கும் தரமான பந்து, தொழிற்சாலையிலிருந்து துவாரம் எதுவுமின்றி முழுக்கோளமாகவே வெளிவருகின்றது. வாங்குபவரின் கையை அளந்து, அந்தக் கைக்கென்றே அதனைத் துளைத்துக் கொடுப்பவர் வேறொருவர். ஆடரங்கை ஒட்டிய சிறு கடைகளில் இத்தொழில் நடைபெற்று வருகின்றது. சிலர் தமது வீட்டு வாகனக் கொட்டகையிலேயே இதற்கென ஒரு பட்டறையை அமைத்துக் கொள்கின்றனர். அத்தகையவர் எதிர்கொள்ளும் முதற் கேள்வி, எந்தத் துளைபொறியை வாங்குவது என்பதாகும். அற்பமாகத் தோன்றும் இக்கேள்விக்குப் பின்னால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று உண்டு.

மரத்திலிருந்து செயற்கைப் பிசினுக்கு

இவ்விளையாட்டின் வேர்களை எகிப்து வரை கொண்டு செல்வோர் உளர். 1895இல் பிளிண்டர்ஸ் பெற்றி என்ற தொல்லியலாளர் நகாதாவில் ஒரு குழந்தையின் கல்லறையில் கண்டெடுத்த கற்பந்துகளையும் கட்டைகளையும் அவர்கள் சான்றாகக் காட்டுவர். அதே 1895ஆம் ஆண்டு செப்டெம்பரில்தான் நியூயோர்க் நகரில் அமெரிக்கன் பௌலிங் கொங்கிரஸ் நிறுவப்பட்டது. பந்தின் எடை, தளத்தின் அளவு, கட்டைகளின் இடைவெளி என்பன நாடு முழுவதற்கும் ஒரே ஒழுங்கிற்கு வந்தது இதன் பின்னரே.

அக்காலத்துப் பந்துகள் லிக்னம் வைட்டே என்னும் மரத்தினால் செய்யப்பட்டவை. கரீபியன் பிரதேசத்து மரம் இது. நீரில் இட்டால் மிதவாது அமிழ்ந்துவிடும் அளவுக்கு அடர்த்தியானது. கப்பல்களின் சுழலித் தண்டுகளுக்குத் தாங்கியாகவும் இதனைப் பயன்படுத்தினர். எனினும் மரம் மரமே அல்லவா? ஈரத்தில் உப்பி, வரட்சியில் வெடித்து, நாளடைவில் அதன் வட்டம் பிசகிவிடும்.

1905இல் எவர்ட்ரூ என்ற பெயரில் கடின இறப்பர் பந்து சந்தைக்கு வந்தது. 1914இல் பிரன்ஸ்விக் நிறுவனம் மினரலைட் என்ற தனது இறப்பர் பந்தை முன்னிறுத்தியது. இதன் பின்னர் மரப்பந்து மெல்ல மெல்ல மறைந்து போயிற்று. 1960களில் பொலியெஸ்ரர், 1980களின் தொடக்கத்தில் யுரேதேன், 1990களின் தொடக்கத்தில் "றியக்ரிவ்" எனப்படும் பிசின் வகை என்று பந்தின் மேற்பரப்பு அடுத்தடுத்து மாற்றம் கண்டது. பந்தின் உள்ளேயும் வெவ்வேறு வடிவங்களில் அடர்த்தியான கருக்கள் வைக்கப்படலாயின. எவ்விடத்தில் துளைக்கின்றோம் என்பது பந்து எங்கே வளையும் என்பதையும் தீர்மானிக்கும் நிலை உருவாயிற்று. இதனால் துளைப்பவரின் பொறுப்பும் கூடிற்று.

துறப்பணத்தின் வழித்தோன்றல்

துளையிடும் கலை மனிதனுக்குப் புதியதன்று. பலுசிஸ்தானின் மெஹர்கர் பகுதியில் ஏறத்தாழ 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோரின் கடைவாய்ப் பற்களில் கல் முனையால் துளையிடப்பட்டிருந்தமை 2006இல் வெளியான ஆய்வொன்றின் மூலம் தெரியவந்தது. எமது தச்சர் கைகளிலும் துறப்பணம் என்ற கருவி தலைமுறைகளாக இருந்து வந்துள்ளது. வில்லின் கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னும் இழுக்க, முனை சுழன்று மரத்தைத் துளைக்கும். இன்றைய மின் துளைபொறி செய்வதும் இதே வேலையைத்தான்.

பெரிய மாற்றத்தை ஏற்படுத்தியவர் மசச்சூசெற்சைச் சேர்ந்த ஸ்டீபன் மோர்ஸ். 1863இல் அவர் காப்புரிமை பெற்ற முறுக்குத் துளைமுனை, வெட்டிய துகள்களைத் தன் சுருள் பள்ளத்தின் வழியே தானாகவே வெளியேற்றியது. துளைபொறியின் தண்டில் முனையைப் பொருத்தும் கூம்பு வடிவ இணைப்பு இன்றும் அவர் பெயராலேயே "மோர்ஸ் ரேப்பர்" என அழைக்கப்படுகின்றது. முனையைக் கவ்விப் பிடிக்கும் "சக்" என்ற உறுப்பை ஆர்தர் ஜேக்கப்ஸ் 1902இல் செம்மையான வடிவத்திற்குக் கொண்டு வந்தார்.

துளைபொறி தொழிற்சாலையை விட்டு வீட்டுக்குள் நுழைந்த கதை மில்வாக்கி நகருடன் தொடர்புடையது. 1919இல் ஹேர்பேட் ரவுட்ஸ் என்பவர் அங்கு தமது வாகனக் கொட்டகையில் தொடங்கிய சிறு முயற்சியே பின்னர் டெல்ரா என்ற பெயர்பெற்ற கருவி நிறுவனமாயிற்று. 1930களின் பொருளாதார நெருக்கடிக் காலத்தில் வீட்டுப் பட்டறைக்காரர் வாங்கக்கூடிய விலையில் துளைபொறிகளை அது விற்பனை செய்தது. அமெரிக்கன் பௌலிங் கொங்கிரஸின் தலைமையகமும் நீண்ட காலம் இதே மில்வாக்கியிலும், பின்னர் அதன் புறநகரான கிரீன்டேலிலும் இயங்கி வந்தது. ஜேர்மன் குடியேற்றவாசிகள் செறிந்து வாழ்ந்த அந்த உழைப்பாளர் நகரம், வீட்டுத் துளைபொறிக்கும் துளைக்கப்படும் பந்துக்கும் ஒருசேரத் தாயகமாக விளங்கியது என்று கூறலாம்.

எல்லாக் கைகளுக்குமாக அல்ல

ஒவ்வொரு கைக்கும் தனித்தனியே அளவெடுத்துத் துளையிட்டுக் கொடுத்த இவ்விளையாட்டு, எல்லாக் கைகளையும் வரவேற்றதா? இல்லை. 1916இல் அமெரிக்கன் பௌலிங் கொங்கிரஸ் தனது உறுப்புரிமை வெள்ளை இன ஆண்களுக்கு மட்டுமே என்று யாப்பில் எழுதி வைத்தது. தொழிற்சாலையில் ஒரே இயந்திரத்தின் முன் அருகருகே நின்று உழைத்தோர், மாலையில் ஒரே சுற்றுப் போட்டியில் ஆட முடியாதிருந்தது. விலக்கப்பட்ட கறுப்பின மக்கள் 1939இல் டெட்ரொயிற் நகரில் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்துக் கொண்டனர்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் வாகனத் தொழிலாளர் சங்கம் இவ்விதியை எதிர்த்துப் போராட்டத்தில் இறங்கியது. பிற்காலத்தில் உப ஜனாதிபதியான ஹியூபேர்ட் ஹம்ப்றி இவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றவர்களில் ஒருவர். வழக்குகள் தொடரப்பட்டன. இலினோய் நீதிமன்றமொன்று அமைப்புக்கு 2,500 டொலர் அபராதம் விதித்தது. 1950இல் அந்த விதி நீக்கப்பட்டது. முப்பத்து நான்கு ஆண்டுகள் அது நடைமுறையில் இருந்தது என்பதை வாசகர்கள் மனங்கொள்ள வேண்டும். விளையாட்டில் அரசியல் இல்லை என்று கூறுவோருக்கு இவ்வரலாறு ஒரு பதிலாகும்.

எந்தப் பொறியை வாங்குவது?

இனி ஆரம்பக் கேள்விக்கு வருவோம். பந்தின் விட்டம் 8.5 அங்குலத்திற்குக் குறையாமலும் 8.595 அங்குலத்திற்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும் என்பது விதி. துளைபொறி வாங்குபவர் முதலில் கருத்திற் கொள்ள வேண்டியது இந்த அளவையே. "17 அங்குலத் துளைபொறி" என்று விற்கப்படுவதில் சுழல் தண்டின் மையத்திலிருந்து பின்புறத் தூண் வரை உள்ள இடைவெளி அதில் பாதியான 8.5 அங்குலம் மட்டுமே. பந்தைக் கவ்வும் பிடிகருவி பந்தைவிட அகலமானது. அதனைத் திருப்பவும் நகர்த்தவும் இடம் வேண்டும். பிடிகருவியும் பந்தும் துளைமுனையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்போது உயரம் ஒன்றரை அடியைத் தாண்டிவிடும். மேசை மேல் வைக்கும் சிறு பொறிகள் பல இங்கேயே கழிந்துவிடுகின்றன. தரையில் நிற்கும் கனத்த பொறியே பொருத்தமானது.

அடுத்தது வேகம். பெருவிரல் துவாரத்தின் அகலம் ஏறத்தாழ ஓர் அங்குலம். அத்தனை பெரிய முனையைப் பிசின் பந்துக்குள் வேகமாகச் செலுத்தினால் பிசின் வெப்பத்தைக் கடத்தாமல் உருகிப் பள்ளங்களை அடைத்துக்கொள்ளும். எனவே தாழ்ந்த வேகத்திலும் வலிமை குன்றாத மோட்டர் அவசியம். முனையைச் சிறிது இறக்கி, மீண்டும் உயர்த்தி, துகளை வெளியேற்றி, பின்னர் மறுபடியும் இறக்குவதே முறை.

மூன்றாவது விடயமே முக்கியமானது. துவாரம் பந்தின் மையத்தை நேராக நோக்கினால் அதற்குச் சாய்வு இல்லை என்பர். அந்த அச்சு மையத்திலிருந்து எட்டிலொரு அங்குலம் விலகிச் சென்றால் சாய்வு எட்டிலொரு அங்குலம். இச்சாய்வே விரல் எவ்வளவு எளிதாகப் பந்திலிருந்து விடுபடும் என்பதைத் தீர்மானிக்கின்றது. துளைமுனைகளோ அங்குலத்தின் 64இல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர் வித்தியாசத்தில் அடுக்கப்படுகின்றன. தண்டு தள்ளாடும் மலிவான பொறியில் இந்த நுட்பத்திற்கு அர்த்தமே இல்லை.

இங்கேதான் துளைபொறிக்கும் மில்லிங் மெசினுக்கும் இடையிலான வேறுபாடு வெளிப்படுகின்றது. மில்லிங் மெசினின் மேசை இரு திசைகளிலும் அளவோடு நகரும். எட்டிலொரு அங்குலச் சாய்வு வேண்டுமாயின் மேசையை அவ்வளவு நகர்த்தி, குறியிட்ட இடம் முனையின் கீழ் வரும்படி பந்தைத் திருப்பினால் போதும். சாதாரண துளைபொறியில் இதற்கென நகரும் தட்டு ஒன்றைத் தனியாகப் பூட்ட வேண்டியிருக்கும். மேலும் மனிதனின் பெருவிரல் முழு வட்டமன்று. அதற்கேற்பத் துவாரத்தைப் பக்கவாட்டிலும் சற்றே அகலிக்க வேண்டும். துளைபொறியின் சக் கூம்பில் உராய்வினால் மட்டுமே பிடித்து நிற்பது. மேலிருந்து கீழ் அழுத்துவதற்கே அது அமைந்தது. பக்கவாட்டு விசை கொடுத்தால், சுழன்று கொண்டிருக்கும் நிலையிலேயே அது கழன்று விழக்கூடும். மில்லிங் மெசினிலோ நீண்ட திருகாணி ஒன்று மேலிருந்து அதனை இழுத்துப் பிடித்திருக்கும்.

1938இல் கனெக்ரிகட் மாநிலத்தில் பிறந்த பிரிட்ஜ்போர்ட் மில்லிங் மெசின் இவ்வகையில் புகழ்பெற்றது. ஆனால் அதன் எடை ஒரு தொன் அளவில் வரும். பெரும்பாலானவை தொழிற்சாலைகளுக்குரிய மும்முனை மின்சாரத்தில் இயங்குபவை. வீட்டு மின்சாரத்தில் ஓட்டுவதற்கு மாற்றுக் கருவி ஒன்று வேண்டும். தனக்கும் நண்பர் சிலருக்கும் மட்டும் துளைப்பவருக்குத் தரையில் நிற்கும் கனத்த துளைபொறியும் நல்ல பிடிகருவியும் நகரும் தட்டும் போதுமானவை. பெருவிரல் துவாரத்தை அகலிக்கும் வேலையை அரத்தினாலும் உப்புத்தாளினாலும் கையாலேயே செய்து கொள்ளலாம். பணம் பெற்றுக்கொண்டு பிறருக்குத் துளைப்பவர், பழையதாயினும் ஒரு மில்லிங் மெசினையே நாட வேண்டும் என்பது எனது கருத்து. எந்தப் பொறியாயினும் கையுறை அணிந்து துளைக்கலாகாது. சுழலும் முனை கையுறையைப் பற்றினால் கையும் கூடவே போய்விடும்.

ஒரே வாய்ப்பு

கொட்டகைப் பட்டறைகள் இவ்விளையாட்டின் போக்கையே மாற்றியதும் உண்டு. 1973இல் டொன் மக்கியூன் என்ற தொழில்முறை ஆட்டக்காரர் தமது பந்துகளை இரசாயனக் கரைப்பானில் ஊறவைத்து மேற்பரப்பை மென்மையாக்கினார். அவ்வாண்டு அவர் ஆறு பட்டங்களை வென்றார். எளிதில் தீப்பற்றக்கூடிய அத்திரவத்தை வீடுகளில் வைத்துப் பலர் இதனைப் பின்பற்ற முனைந்தனர். இதனைத் தொடர்ந்தே பந்தின் கடினத்தன்மைக்கு எல்லை வகுக்கப்பட்டது.

மற்றொரு விதி அண்மைக் காலத்துக்குரியது. முன்னர் துளைத்த பின் எடை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதனைச் சரிசெய்யவும் பந்தின் வளைவை மாற்றவும் விரல் நுழையாத இன்னொரு துவாரம் இடலாம். 2005இல் பல அமைப்புகள் இணைந்து உருவான அமெரிக்க பௌலிங் கொங்கிரஸ், 2020 ஓகஸ்ட் 1 முதல் அத்தகைய துவாரத்தைத் தடை செய்தது. இன்று துளைக்கப்படும் ஒவ்வொரு துவாரமும் விரல் நுழைவதற்காகவே இருத்தல் வேண்டும். பிழை நேர்ந்தால் பிசின் ஊற்றி அடைத்து, இறுகும் வரை காத்திருந்து மீண்டும் துளைக்க வேண்டியதுதான். எனவே பொறியின் நுட்பம் முன்னெப்போதையும் விட இப்போது அவசியமாகின்றது.

இவ்வளவு சிரமப்பட்டு வீட்டில் ஏன் துளைக்க வேண்டும் என்று கேட்கலாம். 1980 முதல் 1993 வரையான காலத்தில் அமெரிக்காவில் இவ்விளையாட்டை ஆடுவோர் தொகை பத்து வீதத்தால் கூடியது. ஆனால் குழுக்களாக இணைந்து ஆடுவோர் தொகை நாற்பது வீதத்தால் குறைந்தது என்று அறிஞர் ரொபேர்ட் பட்னம் சுட்டிக்காட்டினார். வாரந்தோறும் தவறாது வந்து ஆடியோரே சொந்தப் பந்து வாங்குபவர்கள். துளைக்கும் கடைகளை வாழவைத்தவர்களும் அவர்களே. அவர்கள் குறையக் குறைய அக்கடைகளுக்கும் தேய்வு வந்தது. ஈய எழுத்துக் கோத்த அச்சுக்கூடங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்ததையும், அந்த இயந்திரங்கள் பழைய இரும்பு விலைக்குப் போனதையும் பத்திரிகைத் தொழிலில் இருந்து கண்ணாரக் கண்டவன் நான். இயந்திரம் போகும்போது அதனை இயக்கிய கையின் அறிவும் சேர்ந்தே போய்விடுகின்றது. கொட்டகையில் ஒரு பழைய பொறியைத் துடைத்து, எண்ணெய் இட்டு, அடுத்த வீட்டுக்காரரின் கையை அளந்து பார்ப்பவர் அந்த அறிவையும் சேர்த்தே காப்பாற்றுகின்றார்.

தவறாகத் துளைத்த பந்து ஆடுபவரின் பெருவிரலைக் கிழிக்கும், மணிக்கட்டை நோகடிக்கும். சரியாகத் துளைத்த பந்தோ கையில் இருப்பதே தெரியாது. ஆகவே துளைபொறி வாங்கப் புறப்படுபவர் விலைச் சீட்டைப் பார்க்கும் முன், தாம் யாருடைய கைக்காகத் துளைக்கப் போகின்றோம் என்பதை ஒருமுறை சிந்தித்துக் கொள்வது நல்லது.