வட்டாரக் கடல் மட்ட அளவீடு

வட்டாரக் கடல் மட்ட அளவீடு என்பது ஒரு குறிப்பிட்ட கடற்கரையிலோ கடற்பகுதியிலோ நீரின் சராசரி மட்டம் காலப்போக்கில் எவ்வாறு மாறுகின்றது என்பதைக் கண்டறியும் முறையாகும். இதற்குக் கரையில் நிறுவப்படும் ஓத அளவிகளும், விண்ணிலிருந்து அளக்கும் செயற்கைக்கோள்களும் பயன்படுகின்றன. 1993 முதல் உலகக் கடல் மட்டம் சராசரியாக ஆண்டுக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்து வந்துள்ளது. எனினும் இச்சராசரி எல்லாத் துறைமுகங்களுக்கும் அப்படியே பொருந்துவதில்லை. சில இடங்களில் கடல் மட்டம் இதைவிட விரைவாக உயர்கின்றது. வேறு சில இடங்களில் தாழ்கின்றது.

ஓத அளவி

ஓதம் எனப்படும் கடல் ஏற்றவற்றத்தை அளக்கும் கருவி ஓத அளவி ஆகும். பழைய வகைக் கருவியில், அடியில் சிறு துளையுள்ள குழாய் ஒன்று நீரில் செங்குத்தாக நிறுத்தப்பட்டிருக்கும். துளை சிறியதாதலால் அலைகளின் ஆட்டம் உள்ளே பெரிதும் தணிந்துவிடும். குழாய்க்குள் உள்ள மிதவை ஏறி இறங்குவதை, சுழலும் உருளையில் சுற்றப்பட்ட தாளில் ஓர் எழுதுகோல் வரையும். பிற்காலத்தில் நீரழுத்த உணரிகளும் ரேடார் உணரிகளும் பயன்பாட்டுக்கு வந்தன. அளவுகள் யாவும் அருகிலுள்ள நிலத்தில் பதிக்கப்பட்ட நிலைக்குறியுடன் ஒப்பிடப்படுகின்றன.

ஆம்ஸ்டர்டாமில் 1700 முதலும், ஸ்டாக்ஹோமில் 1774 முதலும், மும்பையில் 1878 முதலும் பதிவுகள் உள்ளன. உலகெங்கும் உள்ள நிலையங்களின் தரவுகளைத் திரட்டும் நிரந்தரச் சராசரிக் கடல் மட்டச் சேவை 1933 இல் தொடங்கப்பட்டது.

ஓத அளவி நிலத்தின் மீது நிற்பதால், நிலம் 2 மில்லிமீட்டர் தாழ்ந்தாலும் கடல் 2 மில்லிமீட்டர் உயர்ந்தாலும் ஒரே அளவையே காட்டும். எனவே இது அளப்பது நிலத்தைச் சார்ந்த கடல் மட்டமாகும்.

செயற்கைக்கோள் அளவீடு

செயற்கைக்கோளிலுள்ள ரேடார் உயரமானி கடற்பரப்பை நோக்கித் துடிப்புகளை அனுப்பி, அவை திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணிக்கின்றது. புவியின் மையத்தைச் சார்ந்து செயற்கைக்கோள் இருக்கும் உயரத்திலிருந்து இத்தொலைவைக் கழித்தால் கடற்பரப்பின் உயரம் கிடைக்கும். வளிமண்டல ஈரப்பதம், அலைகள், ஓதம் போன்றவற்றுக்கான திருத்தங்களும் செய்யப்படுகின்றன.

1992 இல் ஏவப்பட்ட டோபெக்ஸ்/பொசைடன் ஏறத்தாழ 1,336 கிலோமீட்டர் உயரத்தில், சுமார் 10 நாட்களுக்கு ஒருமுறை அதே தடத்தைக் கடந்தது. ஜேசன்-1 (2001), ஜேசன்-2 (2008), ஜேசன்-3 (2016), சென்டினல்-6 மைக்கேல் பிரெய்லிக் (2020) ஆகியன இப்பணியைத் தொடர்ந்தன. கரைக்கு மிக அருகில் நிலத்தின் எதிரொலி கலப்பதால், அங்கே உயரமானியின் துல்லியம் குறைகின்றது.

இரண்டின் ஒப்பீடு

எடுத்துக்காட்டாக, ஒரு துறைமுகத்தில் ஓத அளவி ஆண்டுக்கு 5 மில்லிமீட்டர் உயர்வையும், அருகிலுள்ள கடலில் செயற்கைக்கோள் 3 மில்லிமீட்டர் உயர்வையும் காட்டினால், நிலம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தாழ்வதாகக் கருதலாம். அருகில் நிறுவப்படும் ஜி.பி.எஸ். கருவி இதனைச் சரிபார்க்க உதவும். மறுதலையாக, டோபெக்ஸ் தரவின் தொடக்க ஆண்டுகளிலிருந்த பிழைகள் ஓத அளவிகளுடன் ஒப்பிட்டதால் வெளிப்பட்டன.

வட்டார வேறுபாடுகள்

* ஸ்டாக்ஹோம்: பனியூழியில் நிலத்தை அழுத்திய பனிப்படலம் உருகியதால், நிலம் இன்றும் எழும்பி வருகின்றது. இதனால் 20 ஆம் நூற்றாண்டில் இங்கே நிலத்தைச் சார்ந்த கடல் மட்டம் ஆண்டுக்குச் சுமார் 4 மில்லிமீட்டர் தாழ்ந்தது.
* டயமண்ட் துறைமுகம், மேற்கு வங்காளம்: 20 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆண்டுக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் உயர்வு பதிவானது. கங்கைக் கழிமுகத்தின் வண்டல் நிலம் அமிழ்வது இதற்கு முக்கிய காரணமாகக் கருதப்படுகின்றது. மும்பையின் நீண்டகால உயர்வு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே.
* மேற்குப் பசிபிக்: 1993 ஐ அடுத்து வந்த ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் வலுத்த வணிகக் காற்றுகள் வெப்பநீரை மேற்கே குவித்ததால், உயர்வு உலகச் சராசரியைப் போல் பன்மடங்காக இருந்தது.

பயன்

கடல் நீரின் அளவும் வெப்பமும் எவ்வளவு மாறியுள்ளன என்பதை ஆராய்வோருக்குச் செயற்கைக்கோள் அளவு இன்றியமையாதது. ஆனால் கடற்சுவரின் உயரத்தைத் தீர்மானிப்போருக்கு நிலத்தைச் சார்ந்த கடல் மட்டமே முதன்மையானது. வெள்ளம் கரையேறுவது அதனைப் பொறுத்ததே. உலகச் சராசரியை மட்டும் கொண்டு திட்டமிட்டால், அமிழும் நிலத்தில் கட்டப்படும் சுவர் உயரம் போதாமல் போகக்கூடும்.