பொட்டிக் என்றால் கடை: பெண்கள் கையால் எழுந்த துணிக்கடைகளின் கதை

நான் ஜவ்வாது மலையில் புதூர்நாடு பக்கம் குடியிருக்கும் இல்லத்தரசி. படிப்பு பத்தாவது. குழுவில் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. தையல் தெரியும். மலருக்கு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, குழு ஆரம்பித்த கதையை மூத்த அக்காமார்கள் எழுதட்டும், நான் துணிக்கடை கதையை எழுதுகிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். திருப்பத்தூர் டவுனில் ஒரு கடை எடுத்து நம் பெண்கள் தைப்பதை விற்கலாமா என்ற பேச்சு கூட்டமைப்பில் இரண்டு வருஷமாக ஓடுகிறது. வாடகைக்கு பயந்து பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். முடிவு எடுக்கும் முன்னாடி, நம்மைப் போன்ற பெண்கள் வேற ஊர்களில் என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொண்டால் நல்லதுதானே.

இப்போ திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர் எங்கே போனாலும் மாடிப்படி ஓரத்தில் ஒரு போர்டு தொங்குது, ‘பொட்டிக்’ என்று. உள்ளே போனால் மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி ஆரி ஒர்க் போட்டுக்கொண்டிருப்பார்கள். கல்யாண ஜாக்கெட் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் கூலி. பெரிய வார்த்தை மாதிரி இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். பிரெஞ்சு மொழியில் ‘பொட்டிக்’ என்றால் கடை, அவ்வளவுதான். ஆனால் உலகம் முழுக்க அதற்கு வேற அர்த்தம் வந்துவிட்டது. ஒருத்தர் தன் ரசனைக்கு வெட்டி, தைத்து, தானே விலை வைத்து விற்கும் சின்னக் கடை. பெரிய ஜவுளிக்கடையில் எல்லாமே கிடைக்கும். பொட்டிக்கில் அவங்க கைவேலை மட்டும்தான் கிடைக்கும்.

எங்க மலையில் கடையே கிடையாது. எங்க பாட்டி ரவிக்கை போட்டவள் இல்லை. சேலையை உடம்பைச் சுற்றிக் கொண்டுவந்து தோளில் முடிச்சுப் போடுவாள். வருஷத்துக்கு இரண்டு சேலை. அதுவும் சாமை, புளி, கடுக்காய், தேன் இதையெல்லாம் தலையில் சுமந்து அடிவாரத்துச் சந்தைக்கு இறங்கி, விற்ற காசில் வாங்கி வந்ததுதான். "துணிக்காரன் எடுத்துப் போட்டதுதான் நமக்கு கலரு"ன்னு பாட்டி சொல்லும். இத்தனைக்கும் நம்மைச் சுற்றி நெசவு ஊர்கள்தான். ஒரு பக்கம் ஆரணி பட்டு, இன்னொரு பக்கம் குடியாத்தம் கைலி. மலையில் மட்டும் தறி கிடையாது. அதனால் துணி என்றாலே கீழே இருந்து வரும் சாமான் என்று பழகிப்போச்சு.

கீழே உள்ள துணிக்கடைகளின் கதையும் ரொம்பப் பழசு இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் போத்தீஸ் 1923-ல், திருநெல்வேலியில் ஆர்.எம்.கே.வி. 1924-ல், சென்னை தியாகராய நகரில் நல்லி 1928-ல். மூன்றுமே ஒரு ஐந்து வருஷத்துக்குள். நெய்பவரிடம் வாங்கி ஊராருக்கு விற்ற கடைகள். 1935-ல் கோ-ஆப்டெக்ஸ் வந்தது. அது வேற மாதிரி. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் சேர்ந்து தங்களுக்காக வைத்துக்கொண்ட கடை. சென்னை எழும்பூர் பாந்தியன் சாலையில் அதன் தலைமை இடம் இருக்கிறது. சென்னை போகிறவர்கள் தி.நகர் கூட்டத்தில் இடிபடுவதற்கு முன்னாடி ஒரு தடவை அங்கே போய்ப் பாருங்கள். பட்டுச் சேலையோடு அதை நெய்தவரின் பேரும் போட்டோவும் போட்ட அட்டை வைக்கும் வழக்கத்தை அவர்கள் கொண்டுவந்தார்கள். எனக்கு அந்தச் சேலைகளைவிட அந்த அட்டைதான் பிடித்தது.

ஏன் பிடித்தது என்று சொல்கிறேன். சில வருஷம் முன்பு எங்க குழுவில் ஆறு பேர் ஒரு வியாபாரிக்கு துணிப்பை தைத்துக் கொடுத்தோம். பீஸ் ரேட். பைக்கு ஏழு ரூபாய். வீட்டு வேலை முடித்து உட்கார்ந்தால் நாளைக்கு இருபது பை, நூத்தி நாற்பது ரூபாய். நூலும் கரண்டும் எங்களுது. பிறகு ஒரு கண்காட்சிக்குப் போனபோது அதே பை தொங்குது, இருநூத்தி இருபது ரூபாய். ‘கிராமத்துப் பெண்கள் தயாரித்தது’ என்று அட்டை வேற. எந்தக் கிராமம், எந்தப் பெண் என்று இல்லை. துணி அவர் வாங்கினது, பிரிண்ட் அவர் போட்டது, ஸ்டால் வாடகை அவர் கட்டினது. எல்லாம் நியாயம்தான். ஆனாலும் அன்றைக்கு ராத்திரி எங்களில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

வெளிநாட்டுக் கதை இரண்டை மட்டும் சொல்லி நம்ம ஊருக்கு வந்துவிடுகிறேன். ஷனேல் என்று சென்ட் பாட்டிலில் எழுதியிருக்குமே, அது ஒரு அம்மாவின் பேர். தாய் இறந்ததும் கன்னிமார் நடத்திய அநாதை விடுதியில் வளர்ந்து அங்கே தையல் கற்றவர். 1910-ல் பாரிஸில் தொப்பிக் கடை வைத்துத்தான் ஆரம்பித்தார். அடுத்து மேரி குவாண்ட். 1955-ல் லண்டன் கிங்ஸ் ரோட்டில் ‘பஸார்’ என்று கடை போட்டார். நம்ம பஜார் என்கிற அதே வார்த்தை! அங்கே வேலைக்குப் போகும் சின்னப் பெண்கள் பஸ் ஏற, ஓட வசதியான உடுப்பு தைத்தார். இரண்டு பேருமே பெரிய கடையோடு போட்டி போடவில்லை. பெரிய கடை எதைத் தைக்காமல் விட்டதோ அதைத் தைத்தார்கள்.

இனி நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் இடம். தருமபுரி மாவட்டம் சிட்லிங்கி. நம்மைப் போலவே மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு. மலையாளி சனமும் இருக்கிறார்கள், லம்பாடி சனமும் இருக்கிறார்கள். 1993-ல் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற இரண்டு டாக்டர்கள், கணவன் மனைவி, அங்கே போய் ஓலைக் குடிசையில் ஆஸ்பத்திரி ஆரம்பித்தார்கள். பழங்குடி நல முனைப்பு என்ற அந்த அமைப்பு ஊர்ப் பெண்களையே நர்சாகப் பழக்கியது. வியாதிக்கு மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, கையில் வருமானம் இல்லாத வீட்டில் வியாதி திரும்பத் திரும்ப வரும் என்று கண்டு விவசாயிகள் சங்கம் வந்தது, இயற்கைப் பருத்தி வந்தது. அதன் தொடர்ச்சியாக லம்பாடிப் பெண்களின் பூத்தையலும் வந்தது.

லம்பாடிகளின் பாவாடை, ரவிக்கையில் கண்ணாடி, சோழி, காசு வைத்துத் தைத்திருப்பதை நம்ம பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். காலம் மாறி அவர்களும் சேலைக்கு வந்துவிட்டார்கள். இரண்டு தலைமுறையில் தையலே மறந்துபோச்சு. கிழவிகள் ஒரு சிலருக்குத்தான் ஞாபகம். பெட்டிக்கடியில் கிடந்த பழைய பாவாடைகளை எடுத்து, அதில் ஊசி எப்படிப் போயிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து மறுபடி கற்றார்கள். ‘போர்கை’ என்று பேர் வைத்தார்கள். அவர்கள் பேச்சில் பெருமை என்று அர்த்தம். இப்போது அறுபதுக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் வேலை செய்கிறார்கள். இயற்கைப் பருத்தியில் சேலை, குர்தா, தலையணை உறை, பை. சென்னை, பெங்களூர் கண்காட்சிக்கு இந்தப் பெண்களே போய் நின்று விற்கிறார்கள். முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, வீட்டை விட்டு வெளியூர் கூலிக்குப் போகாமல் வாசல்படியில் உட்கார்ந்து செய்யும் வேலை அது. கரும்பு வெட்டவும் திருப்பூருக்கும் நம்ம மலையில் இருந்து வருஷா வருஷம் எத்தனை குடும்பம் வீட்டைப் பூட்டிப் போகிறது என்று நமக்குத் தெரியும்.

இதே லம்பாடித் தையல் கர்நாடகத்தில் சண்டூர் என்ற ஊரில் பேர் பெற்றது. 2010-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது.

நீலகிரிக்குப் போனால் தோடர் பெண்களின் தையல். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும் நூல். கோடு போடுவது, படம் வரைவது எதுவும் கிடையாது. துணியின் இழையை விரலால் எண்ணி எண்ணி ஊசி குத்துவார்கள். நூல் கணக்கு ஒன்று பிசகினால் பூ கோணிப்போகும். பள்ளிக்கூடம் போகாத பாட்டிகள்கூட அந்தக் கணக்கை விடுவதில்லை. ‘பூத்துக்குளி’ என்ற போர்வை அவர்களுக்கு நல்லது கெட்டது இரண்டுக்கும் வேண்டும். 2013-ல் இதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தக் குறியீட்டால் என்ன லாபம் என்றால், அந்தப் பேரை வைத்து வேற யாரும் போலி விற்கக் கூடாது என்று சட்டப்படி கேட்கலாம். கோத்தகிரியில் கீஸ்டோன் என்ற அமைப்பு 1993 முதல் தேன் எடுக்கும் பழங்குடிகளோடு வேலை செய்கிறது. அவர்கள் வழியாக வந்த ‘கிரீன் ஷாப்’பில் தோடர் துணியும் மலைத்தேனும் தேன்மெழுகு சோப்பும் ஒரே அலமாரியில் இருக்கும். நமக்கு இது நல்ல யோசனை. துணி மட்டும் வைத்து வாடகை கட்ட முடியாத மாசத்தில் தேனும் சாமையும் கட்டும்.

வடக்கே அகமதாபாத்தில் சேவா சங்கம். 1972-ல் இளா பட் அம்மா ஆரம்பித்தது. அவர்களின் துணி ‘ஹன்ஸிபா’ என்ற பேரில் விற்கிறது. அது ஏதோ ஸ்டைலான பேர் இல்லை, முதன்முதலில் தையல் வேலைக்கு வந்த ஒரு கிராமத்து அம்மாவின் பேர். தையல் போடுகிற பெண்களே அந்தக் கம்பெனியின் பங்குதாரர்கள்.

இலங்கையில் கொழும்பு காலி வீதியில் ‘பேர்ஃபுட்’. வெறுங்கால் என்று அர்த்தம். பார்பரா சன்சோனி என்ற ஓவியர் 1964-ல் ஆரம்பித்தார். கிராமத்துப் பெண்களுக்கு நெசவு கற்றுக்கொடுத்த கன்னிமார்கள் அவரிடம் கலர் யோசனை கேட்டதுதான் தொடக்கம். மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதா, பச்சைக்குப் பக்கத்தில் ஆரஞ்சு என்று யாரும் துணியாத கலர் வைத்தார்கள். அதுவே அந்தக் கடையின் அடையாளம். புதுச்சேரி பக்கம் ஆரோவில்லில் 1997-ல் தொடங்கிய ‘உபாசனா’. 2004 சுனாமிக்குப் பிறகு மீனவப் பெண்கள் தையல் கழிவுத் துண்டில் ‘சுனாமிகா’ என்று விரல் அளவு பொம்மை செய்தார்கள். அதற்கு விலை கிடையாது. கொடுப்பார்கள், இஷ்டப்பட்டவர்கள் நன்கொடை தருவார்கள். லட்சக்கணக்கில் உலகம் சுற்றிய பொம்மை. நம்ம தையல் மெஷின் அடியில் கூட்டித் தள்ளுகிறோமே, அந்தத் துண்டுதான்!

நம்ம குழுக்களுக்கும் கடை இல்லாமல் இல்லை. 1983-ல் மகளிர் மேம்பாட்டு நிறுவனம், 1989-ல் பக்கத்துத் தருமபுரியில் முதல் சுய உதவிக் குழுக்கள். பிறகு மாவட்டங்களில் பூமாலை வணிக வளாகம், சென்னை நுங்கம்பாக்கத்தில் அன்னை தெரசா மகளிர் வளாகம், கல்லூரிச் சந்தை. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் பள்ளிச் சீருடை தைக்கின்றன. அதில் வேலை நிச்சயம், ஆனால் சீருடையில் நம்ம ரசனைக்கு இடம் இல்லை. பூமாலைக் கடைகளில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. எல்லா ஊரிலும் அதே ஊறுகாய், அதே நைட்டி, அதே சணல் பை. நைட்டி வாங்க யாரும் பஸ் ஏறி வர மாட்டார்கள். சிட்லிங்கிக்கும் கோத்தகிரிக்கும் ஆள் தேடிப் போகிறதே, அங்கே மட்டும் கிடைப்பது ஒன்று இருப்பதால்தான்.

அப்போ நம்ம மலையில் மட்டும் கிடைப்பது என்ன என்று கேட்பீர்கள். லம்பாடி மாதிரி, தோடர் மாதிரி நமக்குப் பூத்தையல் இல்லை. போன குழுக் கூட்டத்தில் ஒரு சின்னம்மா கேட்டது: "நம்ம பாட்டிங்க கையில பச்சை குத்தி இருக்குமே, அந்தக் கோலத்த துணியில போட்டா என்னா?" சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடுக்காய் நம்ம காட்டில் விளைவது. துணியில் சாயம் பிடித்து நிற்பதற்குக் கடுக்காய்த் தண்ணீரில் நனைப்பது பழைய முறை. அதைக் கிலோ கணக்கில் கீழே விற்றுவிட்டு சாயத்துணியை மேலே வாங்கி வருகிறோம். பச்சைக் கோலம் போட்ட பாட்டிமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் கையைப் பார்த்து நோட்டில் வரைந்து வைக்கும் வேலையை எங்க குழுவில் இரண்டு பெண்கள் தொடங்கிவிட்டார்கள். இதுவரை பதினான்கு கோலம் சேர்ந்திருக்கிறது.

அடுத்த களப்பயணத்துக்கு ஊட்டி வேண்டாம், சிட்லிங்கி போகலாம் என்று நான் கூட்டமைப்புக்கு மனு கொடுத்திருக்கிறேன். திருப்பத்தூர், ஊத்தங்கரை, அரூர், கோட்டப்பட்டி வழியாகப் போகலாம், வேன் செலவும் ஊட்டியைவிடக் கம்மி. அங்கே கேட்க வேண்டியதையும் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு சேலைக்கு எத்தனை நாள் ஆகிறது, கூலி எப்போது கைக்கு வருகிறது, விற்காத சரக்கை என்ன செய்கிறார்கள், கணக்கு நோட்டு யார் கையில் இருக்கிறது. இன்னும் என்ன கேட்கணும் என்று தோன்றுகிறவர்கள் உங்கள் குழுத் தலைவியிடம் எழுதிக் கொடுங்கள். பழைய பச்சைக் கோலம் தெரிந்த பாட்டி உங்கள் ஊரில் இருந்தாலும் சொல்லி அனுப்புங்கள், நோட்டை எடுத்துக்கொண்டு நாங்களே வருகிறோம்.