கம்ப்யூட்டர் வளர்த்த காடும் எங்கள் கண்மாய்க் கரையும்

போன பொங்கலுக்கு பெங்களூரிலிருந்து நரிக்குடிக்கு வந்த பேரன், தன் மடிக்கணினியில் 2016இல் வெளியான ‘ஜங்கிள் புக்’ படத்தைப் போட்டுக் காட்டினான். ஆலமரம், விழுது, பாசி, மழை எல்லாம் அசல் காடாகவே தெரிந்தது. “எந்தக் காட்டில் எடுத்தார்கள்?” என்று கேட்டேன்.

“காடே இல்லை தாத்தா. லாஸ் ஏஞ்சல்ஸில் கூரைக்குள் எடுத்த படம். அந்தப் பையனும் அவன் கால் படுகிற கொஞ்சம் இடமும்தான் நிஜம். மற்றதெல்லாம் கம்ப்யூட்டர். அதில் ஒரு பங்கு வேலை பெங்களூரில் நடந்தது” என்றான்.

அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. புதுச்சேரி அரசில் குமாஸ்தாவாக இருந்து காலமெல்லாம் கணக்கு எழுதியவன் நான். கணக்கைக் கொண்டு காட்டையே எழுப்பலாம் என்றால், அந்தக் கணக்கு என்னவென்று தெரிய வேண்டாமா? தேடத் தொடங்கினேன். பாதி விஷயம் பிரெஞ்சில் கிடைத்தது. பிரெஞ்சு வழியில் படித்தது எழுபது வயதுக்கு மேல் இப்படியும் உதவியது.

முதலில் வந்தவர் அரிஸ்டிட் லிண்டன்மேயர், ஹங்கேரியில் பிறந்த உயிரியல் அறிஞர். இழையாக வளரும் பாசி எப்படி நீள்கிறது என்பதை 1968இல் எழுத்துகளால் விளக்கினார். நம் எழுத்தில் சொல்கிறேன். விதி இரண்டுதான். ஒவ்வொரு முறையும் ‘அ’ இருக்குமிடத்தில் ‘அஆ’ என்று எழுது, ‘ஆ’ இருக்குமிடத்தில் ‘அ’ என்று எழுது. ‘அ’வில் தொடங்கினால் அடுத்து அஆ, அதற்கடுத்து அஆஅ, பிறகு அஆஅஅஆ. எழுத்துகளின் எண்ணிக்கை 1, 2, 3, 5, 8 என்று ஏறும். இதே முறையில் ‘நீள்’, ‘திரும்பு’, ‘கிளை விடு’ என்ற கட்டளைகளைச் சேர்த்தால் செடி வளர்கிறது. கனடாவில் பிரூசின்கீவிச் என்பவர் இதைக் கம்ப்யூட்டர் படங்களாக்கினார். அவரும் லிண்டன்மேயரும் சேர்ந்து எழுதிய புத்தகம் 1990இல் வந்தது.

சினிமாக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 1984இல் லூக்காஸ்ஃபிலிம் நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவு, ஆந்த்ரே, வாலி பி. என்ற இரண்டு பாத்திரங்களை வைத்து ஒரு குறும்படம் எடுத்தது. அந்தப் பிரிவுதான் பின்னால் பிக்ஸார் ஆனது. படத்தின் பின்னணியில் ஒரு காடு. பில் ரீவ்ஸ் என்பவர் மரங்களை எண்ணற்ற சிறு நிறத் துகள்களால் ஆக்கியிருந்தார். தூரத்திலிருந்து பார்க்க அழகு. ஆனால் அந்த மரம் வளர்ந்த மரமல்ல, தூவிய மரம்.

மரத்தை மரமாகவே வளர்த்துப் பார்த்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். பிரான்சிஸ் அல்லே என்ற தாவரவியலாளர் ஓல்டமன் என்பவருடன் சேர்ந்து, வெப்பமண்டல மரங்களின் கட்டமைப்பை வகை பிரித்து 1970இல் வெளியிட்டார். பிறகு அது 23 வகை என்று நிலைத்தது. நம் பனை ஒரு வகை: ஒரே குருத்து, கிளை கிடையாது, பாளை பக்கத்தில் வரும். தாளிப்பனையும் பனைதான், ஆனால் உச்சியில் ஒரே ஒரு தடவை பூத்துக் காய்த்து மடியும். அதனால் அது வேறு வகை.

பிலிப் து ரெஃபி என்பவர் ஐவரி கோஸ்டில் காப்பிச் செடிகளை அளந்துகொண்டிருந்தவர். பிறகு மோன்பெலியே நகரில் சிராட் என்ற வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் இந்த வேலையைத் தொடர்ந்தார். அவருடைய கணக்கின் மையம் ‘பூர்ழோன்’, அதாவது நம் ஊர்ப் பேச்சில் கொழுந்து. ஒவ்வொரு கொழுந்துக்கும் மூன்று வழி: வளரலாம், சும்மா இருக்கலாம், கருகிப் போகலாம். எது எத்தனை சதவீதம் என்பதை வயலில் எண்ணி எடுத்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார்கள். 1988இல் அந்தப் படங்களை உலகம் பார்த்தது. கருகிய கொழுந்தையும் கணக்கில் சேர்த்ததால்தான் அந்த மரம் நிஜ மரமாயிற்று.

காடும் அப்படித்தான். ஒரே மரத்தை ஆயிரம் நகல் எடுத்து நட்டால் தோப்பாகுமே தவிர காடாகாது. 1998இல் டாய்சன் என்பவரும் பிரூசின்கீவிச் முதலியோரும் செடிகளை ஒன்றோடொன்று போட்டி போடவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம், வட்டங்கள் மோதினால் பெரியது நிற்கும், சிறியது மடியும். மிஞ்சியதை வரைந்தால் காடு.

நான் படித்து வளர்ந்த புதுச்சேரிக்கும் இதில் ஒரு பங்குண்டு. 1955இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனத்தார், குடகில் உப்பங்களக் காட்டில் 1990லிருந்து மரங்களை அளந்து வருகிறார்கள். அவர்களும் மோன்பெலியே ஆய்வாளர்களும் சேர்ந்து, கூகுள் எர்த் படத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டின் தலைப்பு எவ்வளவு சொரசொரப்பாக இருக்கிறது என்று பார்த்தே அதன் எடையைக் கணிக்கலாம் என்று 2012இல் எழுதினார்கள். தரையில் ஒருவன் நாடாவைப் பிடித்து அளந்திருந்ததால்தான் அந்தக் கணிப்பைச் சரிபார்க்க முடிந்தது.

இதையெல்லாம் சொன்னதும் பேரன் கேட்டான்: “நீங்கள் சின்ன வயதில் பார்த்த கண்மாயை நான் வரையட்டுமா? என்னென்ன மரம், எவ்வளவு உயரம், எத்தனை அடி இடைவெளி?”

வாயடைத்துப் போனேன். இன்று எங்கள் கண்மாய்க்குள் சீமைக் கருவேலம்தான். 2017இல் நீதிமன்ற உத்தரவு என்று மாவட்டமெங்கும் வெட்டினார்கள், மறுபடி முளைத்துவிட்டது. கரிமூட்டக்காரர்களுக்குப் பிழைப்பு, அதை மறுக்க முடியாது. ஆனால் பள்ளி விடுமுறைக்கு அப்பாவோடு வந்தபோது நான் பார்த்தது வேறு: கரையில் பனை வரிசை, குடை விரித்தாற்போல உடைமரம், அடியில் காய் பொறுக்கும் வெள்ளாடுகள். எத்தனை மரம், எது எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது? அரசாங்கத்துக் கோப்பில் ஒரு காசு விடாமல் கூட்டியவன், சொந்த ஊர்க் கரையை எண்ணி வைக்கவில்லை.

பக்கத்துத் தெருவில் ஆடு மேய்த்த அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார், எனக்கு மூத்தவர். அவரைக் கேட்டேன். மடைக்கு வடக்கே இத்தனை பனை, கலுங்கடியில் ஒரு இரட்டை உடைமரம், காற்றடி காலத்தில் முறிந்தது எது என்று விரல் மடக்கிச் சொன்னார். ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதி நிரம்பிவிட்டது. முறிந்த மரங்களையும் எழுதுகிறேன்.

இதைப் படிக்கும் திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பெரியவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஊர்க் கண்மாயில் நின்ற மரங்களை இடம், உயரம், சாய்வோடு எழுதி வையுங்கள். வரைவதற்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கணக்கு நம்மிடம்தான் இருக்கிறது.