விடுமுறை எனும் வேலைநாள்

கோடை முகாம் என்றதும் செல்வர் வீட்டுச் செல்வங்கள் மலைநகரில் குதிரையேறும் காட்சியே பலருக்கும் நினைவில் எழுகிறது. வரலாறோ வேறு கதை கூறுகிறது. 1876ஆம் ஆண்டு, சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரிலிருந்து வால்டர் பியோன் என்பார், நலிந்து வெளிறிய ஏழைப் பிள்ளைகளை அப்பென்செல் மலைச் சிற்றூர்களுக்கு அழைத்துச் சென்றார். அவர் ஒரு பாதிரியார்தாம்! எனினும், பிள்ளைகளுக்கு அவர் பரிந்துரைத்தது வெறும் பிரார்த்தனையன்று. பால், காற்று, விளையாட்டு. அடுத்த ஆண்டே நியூயார்க் நகரத்து ஒண்டுக்குடித்தனக் குழந்தைகளும் நாட்டுப்புறத்துக்குப் பயணமாயினர். பிரான்சில் 1936இல் தொழிலாளர்க்கு ஊதியத்தோடு இரு வார விடுப்பு சட்டமாயிற்று. பிள்ளைகளின் விடுமுறை முகாம்களும் அக்காலத்தே பெருகின.

ஆலைநகரத்துப் பிள்ளை சிற்றூருக்குச் சென்றது அங்கே. நம் நாட்டிலோ?

1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். மழை பொய்க்கும் கரிசல் மண்ணில் அத்தொழில் பலருக்குச் சோறு போட்டது, மறுப்பதற்கில்லை. சிவகாசிக்குக் 'குட்டி ஜப்பான்' என்ற பட்டமும் கிடைத்தது. ஆனால், சிற்றூர்தோறும் விடியுமுன்னே, மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் வந்து நின்றனவே பேருந்துகள், அவற்றில் ஏறியவர் யார்? கண்ணில் உறக்கமும் கையில் தூக்குவாளியுமாகச் சிறுவர், சிறுமியர்! சிற்றூர்ப் பிள்ளை ஆலைக்குச் சென்றது. கட்டை அடுக்கியது, பெட்டி ஒட்டியது, வெடிச்சரம் பின்னியது.

பள்ளி சென்ற பிள்ளைக்கும் கோடையில் ஓய்வில்லை. ஒட்டிய பெட்டியும் மருந்திட்ட வெடியும் காய வெயில் வேண்டும். தீபாவளிச் சரக்கும் சேரவேண்டும். ஆகவே, பள்ளி மூடும் மாதமே தொழிலுக்கு உகந்த மாதம். விருதுநகர் தந்த காமராசர் 1956இல் தொடங்கிய மதிய உணவு பிள்ளையைப் பள்ளிக்கு ஈர்த்தது. பள்ளியே மூடிய நாளில் ஈர்ப்பது எது? முகவர் தந்த முன்பணமும் வீட்டுக் கடனும் பிள்ளையைப் பிடித்துத் தள்ளின. இதைத்தான் தலையெழுத்து என்றனர்! எழுதியவன் பிரமனல்லன், கணக்கப்பிள்ளை.

சட்டம் மெல்ல நடந்து வந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம். 1988இல் சிவகாசி வட்டாரத்தையும் உட்படுத்திய தேசியத் திட்டம். 1990இல் உச்ச நீதிமன்றம் தொடுத்த தடையிலும் ஒரு சந்து இருந்தது: உற்பத்தியிடத்துக்கு அப்பால் சரக்கு கட்டும் வேலையில் பிள்ளைகளை அமர்த்தலாமாம்! 1996 டிசம்பர் 10இல் வந்த தீர்ப்பு உறுதியானது. விதிமீறி அமர்த்திய ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதி கட்டவேண்டும் என்றது. 2016இன் திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோரின் உழைப்பை முற்றிலும் தடுத்தது. முற்றிலுமா? ஆபத்தான தொழில் நீங்கலாக, குடும்பத்தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பின்னரும் விடுமுறைக் காலத்திலும் பிள்ளை உதவலாம் என்கிறது. சட்டப் புத்தகத்திலேயே விடுமுறை என்பது வேலைக்காலமாக எழுதப்பட்டுவிட்டது!

பிள்ளைகளை ஏற்றிய அப்பேருந்துகள் பெரிதும் ஓய்ந்துவிட்டன. விடுமுறை மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. தஞ்சை வல்லத்தில் 'பெரியார் பிஞ்சு' பழகு முகாம் நடக்கிறது. 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் சிறுவர்க்கு அறிவியல் திருவிழாக்கள் நடத்தியிருக்கிறது. அத்தகைய முகாம் வெம்பக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூருக்கும் வரட்டும். கந்தகத்தைக் கையால் அறிந்த ஊர் அது; அது ஏன் எரிகிறது என்பதைப் பிள்ளைகள் அங்கேயே கேட்கட்டும். விண்மீன் காட்டுவோர் சனிப்பெயர்ச்சியையும் சற்று விசாரிக்கட்டும்.

வெறும் பாட்டும் பந்தும் போதா. தேசியத் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் பிள்ளைக்கு உணவும் மாத உதவித்தொகையும் தந்தன. வீட்டில் குறையும் வருவாயை ஓரளவேனும் ஈடுசெய்தன. கோடை முகாமுக்கும் அதே கணக்கு வேண்டும்: மே மாதம் முழுதும் பள்ளிக் கட்டடம் திறந்திருக்க வேண்டும், அடுப்பு எரியவேண்டும், பெற்றவள் கையில் சிறுதொகை சேரவேண்டும்.