கூரையும் கேட்கும் செவியும்: லாலாகுடாவை ஒட்டிய ஒரு வரலாறு

செகந்திராபாத்தை அடுத்த லாலாகுடா, நிஜாம் உத்தரவாத அரசு ரயில்வே 1893-இல் நிறுவிய பணிமனையைச் சுற்றி வளர்ந்த தொழிலாளர் பகுதி. கன்டோன்மெண்ட் படையோடும் ரயில்வே வேலையோடும் செகந்திராபாத்துக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும் இப்பக்கங்களில் வேரூன்றின. ரயில்வே குடியிருப்புகளில் வீடு என்பது குவார்ட்டர்ஸ், அதாவது ஊழியரின் பெயரில் ஒதுக்கப்பட்டு, அவர் பணியில் இருக்கும்வரை மட்டுமே குடும்பம் தங்கக்கூடிய வீடு. மருத்துவ அட்டையும் ரயில் பாஸும்கூட ஊழியரைச் சார்ந்தவையே. ஆகவே கணவனிடம் அடிபட்ட பெண் வாசற்படி தாண்டினால் கூரை, மருந்து, பயணம் மூன்றையும் ஒருசேர இழக்க நேர்ந்தது. 'பொறுத்துப் போ' என்று பிறந்த வீட்டார் சொன்ன அறிவுரைக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருந்ததை மறந்து, அவளுடைய மௌனத்தைக் கோழைத்தனம் என்று எழுதுவது நியாயமன்று.

ஹைதராபாத்தில் 1978-இல் உருவான ஸ்திரீ சக்தி சங்கடனா, வரதட்சிணைச் சாவுகளையும் வீட்டுக்குள் நிகழும் வன்முறையையும் பொதுப் பிரச்சினைகளாக்கிப் போராடிய தொடக்ககாலப் பெண்கள் அமைப்புகளுள் ஒன்று. 1983-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 498-ஏ பிரிவு, மனைவியின் மனநலத்துக்குக் கேடு விளைவிப்பதையும் கொடுமை என்று ஏற்றது. ஆயினும் அது குற்றவாளியைத் தண்டிக்கும் பிரிவாக இருந்ததே தவிர, அவளுக்குத் தங்க இடம் தரும் பிரிவாக இருக்கவில்லை. 1991-இல் வசந்த் கண்ணபிரான், கல்பனா கண்ணபிரான், தெலுங்கு எழுத்தாளர் வோல்கா ஆகியோர் முன்னின்று தொடங்கிய அஸ்மிதா என்னும் பெண்கள் வள மையம், லாலாகுடாவுக்கு அருகிலுள்ள கிழக்கு மாரேட்பள்ளியில் இயங்கியதோடு, சட்ட ஆலோசனையையும் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது.

சட்ட ஆலோசனை கேட்டு வரும் பெண்களிடம் உறக்கமின்மை, சிறு ஓசைக்கும் திடுக்கிடுதல், நடந்ததற்குத் தானே காரணம் என்ற குற்றவுணர்வு ஆகியவை காணப்படுவதுண்டு. நெடுநாள் அச்சம் உடலிலும் நினைவிலும் விட்டுச்செல்லும் இத்தகைய தடங்களையே உளவியல் மனக்காயம் என்கிறது. அமெரிக்க உளமருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-இல் வெளியிட்ட நூலில், முதலில் பாதுகாப்பு, பின்னர் நடந்ததை நினைவுகூர்ந்து துக்கம் கொள்ளுதல், அதன்பின் வாழ்வோடும் மனிதரோடும் மீண்டும் இணைதல் என்று மீட்சிக்கு மூன்று கட்டங்களை வகுத்தார். குவார்ட்டர்ஸ் பெண்ணுக்குத் தடையானது முதல் கட்டமே. அன்றிரவும் அதே வீட்டுக்குத் திரும்ப வேண்டியவளிடம் மனத்தைத் திறக்கச் சொல்வது அவளை மேலும் ஆபத்தில் தள்ளக்கூடும்.

2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26-இல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் இந்த இடத்தைத்தான் தொட்டது. வீடு யார் பெயரில் இருந்தாலும் கணவனோடு வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமையை 17-ஆம் பிரிவு அவளுக்கு அளித்தது. மனச் சித்திரவதைக்கும் உணர்வு வேதனைக்கும் இழப்பீடு கோர 22-ஆம் பிரிவு வழிசெய்தது. கவுன்சலிங்கில் வன்முறைக்கு நியாயம் கற்பிக்க இடமில்லை என்பதை எதிர்மனுதாரருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்கின்றன இச்சட்டத்தின் விதிகள். சமரசம் என்ற பெயரில் பெண்ணையே பணியவைக்கும் பழைய பஞ்சாயத்து முறைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேறில்லை.

அதே 2006-இல் ஹைதராபாத்தின் பூமிகா பெண்கள் அமைப்பு உதவித் தொலைபேசியைத் தொடங்கியது. 2016-இல் நகரக் காவல்துறை, வன்முறைக்குள்ளான பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவும் பரோசா மையத்தைத் திறந்தது. 2015 முதல் நாடெங்கும் அமைக்கப்பட்டுவரும் சகி மையங்கள் மருத்துவம், சட்டம், ஆற்றுப்படுத்தல் ஆகியவற்றை ஒரே கூரையின்கீழ் தருகின்றன. ஆனால் அங்குத் தற்காலிகமாகத் தங்க அத்திட்டம் வகுத்த வரம்பு ஐந்து நாள்களே. ஹெர்மன் சொன்ன முதல் கட்டத்துக்குக்கூட அது போதாது.